சேலத்தில் ஒரு மீன்தொட்டிப் பராமரிப்புச் சேவை: ஓராண்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

முதல் நாள் வந்தபோது அவர்கள் என் மீன்தொட்டிக்குள் கையை விடவே இல்லை. கணவரும் மனைவியுமாக இருவர் வந்தார்கள். தொட்டிக்கு முன்னால் ஆளுக்கொரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தொட்டி நீரையும் குழாய் நீரையும் தனித்தனிக் கண்ணாடிக் குப்பிகளில் எடுத்து, அவற்றில் சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறும்வரை காத்திருந்து, வண்ண அட்டையோடு ஒப்பிட்டு ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து முந்நூறு ரூபாய் கேட்டார்கள். கண்ணாடியில் படிந்திருந்த பாசி அப்படியே இருந்தது. எதற்காக இந்தப் பணம் என்று மனத்துக்குள் முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தேன். அந்த நோட்டு இப்போது முக்கால்வாசி நிரம்பிவிட்டது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சேலம் மாநகருக்குள் வீடு வீடாகச் சென்று மீன்தொட்டி பராமரிக்கும் இத்தம்பதிக்குக் கடையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. முப்பது வீடுகளுக்கு மேல் எடுத்துக்கொள்ள இயலாது என்பதால் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எங்கும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். பெயர் சொல்லாத மதிப்புரையால் யாருக்கு என்ன பயன் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்த வேலைக்கு உங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், அவரிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதைச் செய்யவிடாமல் தடுக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால் சில மீன்களாவது பிழைக்கும்.

என் வீடு அம்மாபேட்டையில் இருக்கிறது. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், பேரனின் பிறந்தநாளுக்காக 2 அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டியொன்றை வாங்கினோம். கணக்குப்படி அதன் கொள்ளளவு 56 லிட்டர். கூழாங்கல்லையும் மேலே விட வேண்டிய இடைவெளியையும் கழித்தால் 45 லிட்டர் தேறும். அந்த 45 லிட்டருக்குள் மூன்று தங்கமீன்கள், இரண்டு ஏஞ்சல் மீன்கள், ஒரு டஜன் நியான் டெட்ரா, கண்ணாடியை நக்கித் துப்புரவு செய்யும் என்று சொல்லி ஒரு சக்கர் மீன் ஆகியவற்றை ஒரே மாலையில் எங்களுக்கு விற்றார்கள். மாதம் ஒருமுறை அந்தக் கடையிலிருந்து ஒரு பையன் வருவான். மீன்களைப் பக்கெட்டில் போட்டுவிட்டு, தண்ணீர் முழுவதையும் இறைத்து, கூழாங்கல்லையும் ஃபில்டர் பஞ்சையும் குழாயடியில் நுரை போகக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, நீல மருந்து இரண்டு மூடி ஊற்றிவிட்டுப் போவான். அன்று மாலை தொட்டி பளிங்குபோல் இருக்கும். மூன்றாம் நாள் நீர் பால் கலந்ததுபோல மங்கும், மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், வாரக் கடைசிக்குள் இரண்டு செத்துப்போகும். அதற்கு ஈடாக அதே கடையில் புதிதாக இரண்டு வாங்குவோம். எட்டு மாதம் இப்படியே போயிற்று. சாவைச் சந்தாக் கட்டணம் போலக் கட்டிக்கொண்டிருந்தோம் என்பது அப்போது புரியவில்லை.

புதிய சேவையின் முதல் குறிப்பில் தொட்டியின் அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம், பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 8 என்று எழுதியிருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று அந்தப் பெண் எனக்கு விளக்கினார். மீன் தன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாகவே நீருக்குள் விடுகிறது. அந்த அம்மோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கும். அவற்றுள் ஒன்றுதான் கொடிய நஞ்சு. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்தத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியே நஞ்சு வடிவில் இருக்கும்; பி.எச். 8 ஆனால் அது ஐந்து விழுக்காட்டைத் தாண்டிவிடும். வெப்பம் கூடக்கூட இன்னும் ஏறும். ஆகவே நம் ஊர்ப் போர்வெல் நீரில், நம் ஊர் வெயிலில், சிறிதளவு அம்மோனியாவும் செவுளைச் சுட்டுவிடும். அந்தக் கழிவைத் தின்று தீர்ப்பதற்கென்றே இருவகை நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ஒன்று அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான், அது இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கும். மற்றொன்று அந்த நைட்ரைட்டை, அளவு மீறாதவரை தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இவை மிதப்பது நீரில் அன்று. கூழாங்கல்லின் மேலும், ஃபில்டர் பஞ்சின் துளைகளிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. புதுத் தொட்டியில் இவை பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பையன் குளோரின் கலந்த குழாய் நீரில் நுரை போகக் கழுவி ஓடவிட்டது அவற்றைத்தான்.

“அந்தப் பஞ்சைக் குழாயில கழுவுனீங்கன்னா மறுபடியும் ஒண்ணுல இருந்து எண்ணணும்ங்க டீச்சர்” என்றார் அவர். இப்போது பஞ்சைத் தொட்டியிலிருந்து இறைத்த பழைய நீரிலேயே இரண்டு முறை பிழிந்துவிட்டு மாட்டுகிறார்கள். பார்ப்பதற்கு அது அழுக்காகத்தான் இருக்கும். என் சம்பந்தியம்மாள் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறார்கள் என்றே முடிவுகட்டிவிட்டார்.

கெட்டுப்போயிருந்த தொட்டியை மீட்ட விதம் தனியாகச் சொல்லத் தக்கது. நலமாக ஓடிக்கொண்டிருந்த வேறொரு வீட்டுத் தொட்டியின் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சை ஈரம் காயாமல் எடுத்து வந்து எங்கள் ஃபில்டருக்குள் வைத்தார்கள். பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான் என்று ஒரே வரியில் விளக்கம் முடிந்தது. எங்கள் தலைமுறைக்கு வேறு பாடம் தேவையில்லை. முதல் இரண்டு வாரம் நாள்தோறும் கால் பங்கு நீரை நானே மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாலையும் குப்பியின் நிறத்தைப் படமெடுத்து அனுப்பினேன். நான்காம் வாரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியில் நின்றன. அதற்குப் பின் இன்றுவரை வாரம் ஒருமுறை கால் பங்கு நீர் மாற்றம், நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுதல், அவ்வளவுதான். நோட்டின் பெரும்பாலான பக்கங்களில் ‘மாற்றம் இல்லை’ என்றே எழுதியிருக்கிறது.

நீரைப் பற்றி அவர்களிடம் கற்றது நம் ஊர்ப் பேச்சு வழக்கையே எனக்குப் புதிதாகக் காட்டியது. மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீரை நாம் ‘நல்ல தண்ணீர்’ என்றும், போர்வெல் நீரை ‘உப்புத் தண்ணீர்’ என்றும் சொல்கிறோம். நமக்கு நல்லதாக இருப்பதற்காக அந்த நல்ல தண்ணீரில் கலக்கும் குளோரின் மீனின் செவுளையும் நுண்ணுயிர்களையும் அரிக்கும். அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரிதும் போய்விடும். அவசரத்துக்குச் சோடியம் தயோசல்பேட் கரைசலைச் சில சொட்டு விடுகிறார்கள். ‘ஹைப்போ’ என்ற பெயரைக் கேட்டதும் எங்கள் தெருவிலிருந்த பழைய ஸ்டூடியோவின் இருட்டறை நினைவுக்கு வந்தது. படச்சுருளைக் கழுவிய அதே பொருள்தான். உப்புத் தண்ணீர் என்பதோ உண்மையில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீர். மேக்னசைட் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக் கரட்டை ஊருக்குள்ளேயே வைத்திருக்கிற நமக்கு இது வியப்பில்லை. கடின நீர் எல்லா மீனுக்கும் பகையும் அன்று. மோலி, கப்பி, பிளாட்டி, வாள்வால் போன்ற குட்டி போடும் மீன்கள் அதில் செழிக்கும். அமேசான் படுகையின் மென்மையான நீரில் தோன்றிய நியான் டெட்ரா அதில் வதங்கும். எங்கள் டஜன் டெட்ராக்கள் ஏன் ஒவ்வொன்றாக மறைந்தன என்பதற்கு எட்டு மாதம் தாமதமாக விடை கிடைத்தது. எந்த மீன் அழகு என்று பார்ப்பதற்கு முன் வீட்டுக் குழாயில் எந்த நீர் வருகிறது என்று கேட்கும் கடைக்காரரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

இச்சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் மீன் விற்பதில்லை என்பதே. விற்காததால் கூட்டத்தைக் குறைக்கச் சொல்ல அவர்களுக்கு வாய் வருகிறது. தங்கமீன்களைத் தொட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று இரண்டாம் வருகையிலேயே சொன்னார்கள். அலங்காரத் தங்கமீன் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை வளரும். பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடியது. இங்கிலாந்தில் 1999-இல் இறந்த ஒரு தங்கமீனுக்கு வயது 43. மேலும் அது குளிர்ந்த நீரை விரும்பும் இனம். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும் நீர், 30 டிகிரியில் ஏழரைதான் வைத்திருக்கும். சித்திரை மாதத்துச் சேலத்தில் தங்கமீன் வளர்ப்பது, கம்பளி போர்த்தியவனை மாடிப்படி ஏறச் சொல்வது போன்றது.

ஏற்காட்டில் என் தம்பி இருக்கிறான். 1,515 மீட்டர் உயரத்துக் குளிரில் ஃபைட்டர் மீன் வைத்தால் ஹீட்டர் வேண்டும். தங்கமீனுக்கு அது சொந்த வீடு. மூன்றையும் மலைக்கு அனுப்பிய ஏற்பாட்டில் இவர்களது தொழில் நேர்த்தி தெரிந்தது. தம்பி ஒரு பெரிய தொட்டியை வாங்கி, நீர் நிரப்பி, உறைப் பஞ்சு வைத்து, அது ஐந்து வாரம் ஓடிய பிறகே பயணத்துக்குச் சம்மதித்தார்கள். அவன் வீட்டு நீரை முன்கூட்டியே ஒரு பாட்டிலில் வரவழைத்துச் சோதித்தார்கள். பை நீரை அழுக்காக்காமல் இருக்க முந்தைய நாள் மீன்களுக்கு உணவு நிறுத்தப்பட்டது. ஆக்சிஜன் அடைத்த பைகள் தெர்மாக்கோல் பெட்டிக்குள் இருட்டில் உட்கார்ந்து, விடியற்காலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறின. மேலே போனதும் பைகளைத் தொட்டியில் மிதக்கவிட்டு, வெப்பம் சமமான பின், கோப்பை கோப்பையாகத் தொட்டி நீரைப் பைக்குள் ஊற்றி, ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் மீன்களை விட்டார்கள். இந்தப் பயணத்துக்குத் தனிக் கட்டணமாக 1,800 ரூபாய் ஆயிற்று. மூன்று மீன்களின் விலையைவிடப் பல மடங்கு. என் மகன் சிரித்தான்.

சக்கர் மீனின் கதை வேறு. அது ஓரடிக்கு மேல் வளரும் இனம். மூக்கனேரியில் விட்டுவிடலாமே என்று நான் இயல்பாகக் கேட்டதற்கு இருவரும் ஒரே குரலில் கூடாது என்றார்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் தமிழகத்தின் பல நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகி, வலையைக் கிழித்து, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துவருகிறது. ஏரியில் விடுவது மீனுக்குச் செய்யும் இரக்கம் என்று தோன்றும். ஏரிக்கு அது இரக்கம் இல்லை. பெரிய சிமெண்டுத் தொட்டி வைத்திருந்த ஒரு வாடிக்கையாளர் அதை ஏற்றுக்கொண்டார்.

அம்மாபேட்டைக்கே உரிய ஒரு சிக்கலையும் அவர்கள் கண்டுபிடித்தார்கள். எங்கள் கிழக்குச் சுவருக்கு அப்பால் விசைத்தறிக் கூடம். தறியோசை எங்களுக்குத் தாலாட்டு. நின்றால்தான் தூக்கம் கலையும். ஆனால் மீனுக்கு உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பு நீரின் மிகச்சிறு அதிர்வையும் அறியும். தறி ஓடும் நேரத்தில் ஏஞ்சல் மீன்கள் மூலையில் ஒடுங்குவதை முதல் நாள் முக்காலியில் உட்கார்ந்தபோதே குறித்துக்கொண்டிருந்தார்கள். தொட்டியை மேற்குச் சுவருக்கு மாற்றி, அடியில் கனமான தெர்மாக்கோல் பலகையும் ரப்பர் விரிப்பும் போட்டார்கள். ஒரு வாரத்தில் ஏஞ்சல்கள் நடுத்தொட்டிக்கு வந்து நீந்தத் தொடங்கின.

மே மாதத்தில் நீர் 33 டிகிரியைத் தொட்டது. பனிக்கட்டி போடலாமா என்று கேட்டேன். திடீரெனக் குளிர்வது சூட்டைவிடக் கேடு என்று மறுத்துவிட்டு, மூடியைத் திறந்து வலை போட்டு, நீர்ப்பரப்பின் மேல் காற்று படும்படி ஒரு சிறு மேசை விசிறியை வைத்தார்கள். மண்பானை குளிரும் அதே முறையில் இரண்டு மூன்று டிகிரி இறங்கியது. ஆவியாகும் நீரை ஈடுசெய்ய உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் தாதுக்கள் மட்டும் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், ஆவியானதை ஈடுகட்டத் தாது நீக்கிய நீர், மாற்றும் பங்குக்கு மட்டும் வழக்கமான நீர் என்று பிரித்துத் தந்தார்கள். மாதாந்திர மின்தடை நாளுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் வாங்க வைத்தார்கள்.

கார்த்திகையில் ஏஞ்சல்களில் ஒன்றுக்கு வயிறு வீங்கி, செதில்கள் பலாப்பழத்தோல்போல விறைத்து நின்றன. அதைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுத்தும் தேறவில்லை. பக்கவாட்டில் கிடந்து இழுத்துக்கொண்டிருந்தது. எங்களுக்குத் தெரிந்த வழிகள் கழிவறையில் கொட்டுவது, வெளியே எடுத்துப் போட்டுவிடுவது, அல்லது பார்க்காமல் இருந்துவிடுவது. அந்தப் பெண் மாலை ஏழு மணிக்கு வந்தார். செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கிராம்பு எண்ணெயைச் சில சொட்டு வெதுவெதுப்பான நீரில் விட்டுப் பால்போலக் கலங்கும்வரை குலுக்கினார். தொட்டி நீரையே நிரப்பிய ஒரு பாத்திரத்தில் மீனை இட்டு, அந்தக் கரைசலை மெல்ல மெல்லச் சேர்த்தார். மீன் முதலில் மயங்கியது. அது முற்றிலும் அசைவற்றுப் போனபின் மீதி எண்ணெயை அதிக அளவில் ஊற்றினார். செவுள் நின்ற பிறகும் அரை மணி நேரம் அவர் எழுந்திருக்கவில்லை. மயக்கம் சாவுபோலத் தோன்றும், உறுதிப்படுத்தாமல் எடுக்கக் கூடாது என்றார்.

மீனுக்கு வலிக்குமா என்று பேரன் கேட்டான். 2003-இல் லின் ஸ்னெடனும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வை அவனுக்கு ஏற்றபடி சொன்னேன்: டிரௌட் மீனின் தலைப்பகுதியில் வலியுணர் நரம்புகள் இருப்பதைக் கண்டார்கள், உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன, நெடுநேரம் உணவைத் தொடவில்லை. இதைத் தெரிந்துகொள்வதற்கும் சில மீன்கள் வலிபட வேண்டியிருந்தது என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் மனிதரல்லாத எந்த உயிரையும் விலங்கு என்றே வரையறுக்கிறது. மீனுக்கென்று அதில் விலக்கு இல்லை. அன்றைய வருகைக்கு அவர்கள் கட்டணம் வாங்கவில்லை. நான் வற்புறுத்தியும்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆடி மாதத்தில் ஒரு வருகையின்போது பஞ்சைப் பிழிந்து மாட்டிவிட்டு ஃபில்டரின் சுவிட்சைப் போட மறந்துவிட்டார்கள். மாலையில் நீர் அசையாமல் நிற்பதைப் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன். ஓட்டம் நின்றால் பஞ்சிலுள்ள நுண்ணுயிர்களும் மூச்சுத் திணறும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களே செய்த பிழை இது. இரவு ஒன்பது மணிக்கு வந்து சோதித்து, அந்த வாரம் முழுவதும் நாள்தோறும் எண் கேட்டார்கள் என்றாலும், மறதி மறதிதான். பகலில் தொலைபேசியை எடுப்பதே இல்லை. ஞாயிறு வரமாட்டார்கள், வேலைக்குப் போகிறவர்கள் வாழும் வீட்டுக்கு இது பெருந்தொல்லை. நோட்டிலுள்ள கணவரின் கையெழுத்தை முப்பதாண்டு விடைத்தாள் திருத்திய எனக்கே படிக்க முடியவில்லை. பேரன் ஆசையாகக் கேட்ட, வாய் திறந்து மூடும் முதலைப் பொம்மையைக்கூட, கூர்முனையில் மீன் உரசும் என்று சொல்லி எடுத்துவிட்டார்கள்; அதில் சற்று மிகை இருக்கிறது என்பது என் எண்ணம். மாதம் இரண்டு வருகைக்கு 700 ரூபாய் என்பது பழைய கடையின் கட்டணத்தைப்போல இரண்டு பங்குக்கும் மேல். ஆனால் இந்த ஓராண்டில் நான் மாற்று மீன் வாங்கியதில்லை.

இன்று தொட்டியில் ஒரு ஏஞ்சலும் ஆறு மோலிகளும் இருக்கின்றன. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு உணவு நாளுக்கு ஒரு வேளை. வெள்ளிக்கிழமை விரதம், வீட்டில் என்னோடு சேர்த்து. மோலிகள் குட்டி போட்டுப் பெருகுவதால் ஆணையும் பெண்ணையும் பிரிக்கலாமா என்ற பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. வரும் தை முதல் கட்டணம் ஐம்பது ரூபாய் கூடும் என்று சொல்லியிருக்கிறார்கள். வியாழக்கிழமை வருவார்கள், நல்ல தண்ணீர் இரண்டு பக்கெட் பிடித்து, மூடாமல் வைத்திருக்கிறேன்.